பதினான்காம் கொக்கி

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனி. ஆனாலும் அவர் லிஃப்டில் ஏறிப் போனதை நான் பார்த்தது நாலைந்து முறைதான் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் படிக்கட்டு எங்கே என்று பார்ப்பார். கேட்டால், "நாள் பூரா அது கூடத்தானே மல்லுக்கட்டுறேன், லீவு நாள்லயுமா?" என்பார். கூட வேலை செய்தவர்கள் அவருக்குப் படிக்கட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில், "படிக்கட்டு இருக்காருங்களா?" என்று கேட்டு வந்த போனை ராங் நம்பர் என்று நான் இரண்டு முறை வைத்திருக்கிறேன்.

அந்த மனிதருக்குத்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் ஆறாவது மாடியில் நின்று இளைப்பாறினார். பிறகு நான்காவது, பிறகு இரண்டாவது. வயதாகிவிட்டது என்றார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், ஒன்பதாவது மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமில் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தவர், கதவைப் பூட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். அவரே சற்றுமுன் சரிசெய்த லிஃப்டில்தான் அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். கண் விழித்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு குலுக்கல் இல்ல, கவனிச்சியா?" என்பதுதான். நான் அந்த லிஃப்டில் வரவே இல்லை.

நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற நோய் என்று டாக்டர் சொன்னார். இறுகினது இளகாது, இறுகுகிற வேகத்தைத்தான் குறைக்கலாம் என்றும் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றியாக இருக்கிறேன்.

இந்தக் கதையில் ஒரு பூட்டு வரும். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கும் முன் மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உள்ளே இருக்கும்போது வேறு யாரும் கரண்டைப் போட்டுவிடக்கூடாது என்பதற்காக. போட்டவர்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, ஒரு நம்பர், பூட்டிலிருந்து தொங்கும் அட்டையில் அவருடைய புகைப்படம். என் கணவருடையது பதினாலு. படத்தில் மீசை அடர்த்தியாக, யாரையோ முறைப்பது போல இருப்பார்.

பட்டறைச் சுவரில் இருபது கொக்கிகள் வைத்த பலகை ஒன்று உண்டு. காலையில் அவரவர் பூட்டை எடுத்துப் போவார்கள், மாலையில் கொண்டுவந்து மாட்டுவார்கள். ஃபோர்மேன் ஒரு பதிவேட்டில் போன நேரம், வந்த நேரம் என்று எழுதுவார். கொக்கி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் ஏதோ ஒரு குழியில் இருக்கிறான் என்று பொருள். கடைசிப் பூட்டு வரும்வரை அவர் வீட்டுக்குப் போகமாட்டார். ஒரு தடவை ஒருவர் மறதியாகப் பூட்டோடு சினிமாவுக்குப் போய்விட்டார். ஃபோர்மேன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய்க் குழிகளை எட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் அவரைத் திட்டவில்லை, டார்ச் பேட்டரிக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டாராம்.

என் கணவர் விழுந்த அன்றும் ஃபோர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். "சரி, ஆள் இருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். பூட்டை அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உடுப்புகளோடு ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையில் அது சாவியோடு கிடந்தது.

மூன்று மாதம் முழுச் சம்பளம் வந்தது. அடுத்த ஆறு மாதம் பாதி. அதற்குப் பிறகு சம்பளமில்லாத நோய் விடுப்பு. இரண்டு வருடம் வரை வேலை அவர் பேரில் இருக்கும், பணம் வராது. நாங்கள் அதற்கு ஒரு வருடம் முன்புதான் கடன் வாங்கி ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தோம், நான்காவது மாடி, இரண்டு லிஃப்ட். நான் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தேன். என் சம்பளம் எங்கள் தவணையின் முட்டி வரைக்கும்கூட எட்டவில்லை. தவணைக்குக் கடன் அட்டை, அட்டையை அடைக்க இன்னொரு அட்டை, அதை அடைக்க என் தம்பி. கடைசியில் ஃப்ளாட்டை விற்றோம். விற்ற பிறகும் கடன் நின்றது. அதுவரை எனக்கு அப்படி ஒன்று நடக்க முடியும் என்றே தெரியாது.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தோம். லிஃப்ட் கிடையாது. சாமான்களோடு சாமானாக அவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, கூட வேலை செய்த நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். "ஆயுசு பூரா ஏறினதுக்குக் கூலி குடுக்கிறோம்யா, ஆடாம உக்காரு" என்று ஒருவர் சொல்ல, அவர் சிரிக்கப்போய் இருமல் வந்து, எல்லாரும் முதல் மாடித் திருப்பத்தில் பத்து நிமிடம் அப்படியே நின்றோம். ஒருவரும் நாற்காலியைக் கீழே வைக்கவில்லை.

இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் பெண் கிடைத்தாள். சின்ன வயசு, மூக்குக் கண்ணாடி, பையில் எப்போதும் பாதி கடித்த ஆப்பிள். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, திவாலுக்கு மனுப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். எனக்கு முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, கடன் போயிரும். கூடவே பேரும் கொஞ்ச நாளைக்குப் போகும், அது திரும்பி வந்துரும். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. அவரை வேலையை விட விடாதீங்க. சம்பளம் இல்லாட்டியும் கம்பெனி லிஸ்ட்ல பேர் இருக்கிற வரைக்கும்தான் மருத்துவக் காப்பீடு. கோர்ட்டு அதுல கை வைக்காது. பேர் போச்சுன்னா மறுநாளே ஆக்ஸிஜன் மெஷினைத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

இதை நான் அவரிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் தலையாட்டினார்.

கடன் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் மனுவில் எழுத வேண்டும், உறவுக்காரர்களையும் விடக்கூடாது. என் தம்பி பெயரை எழுத இவருக்குக் கை வரவில்லை. அவனுக்கு மட்டும் முதலில் கொடுத்துவிடலாம் என்று பிடிவாதம். அப்படிக் கொடுத்தால் குற்றம் என்று வக்கீல் சொன்ன பிறகு தம்பியை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னோம். அவன் பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தான். "நாலு பெரிய பேங்க்குக்கு நடுவுல என் பேரா? மாமா, இதை ஃப்ரேம் போட்டு மாட்டணும்" என்றான். அவன் தன் சேமிப்பில் பாதியை எங்களிடம் இழந்தவன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்துகொண்டிருந்தான்.

வீட்டிலுள்ள பொருள்களைக் கணக்கெடுக்கக் கோர்ட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். அது கட்டாயமில்லை, நான் அதைக் கவனித்தேன். ஃப்ரிட்ஜ், கட்டில், மேசை என்று எழுதிக்கொண்டு போனவர், மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிள் யாருடையது என்று கேட்டார். என்னுடையது, வேலைக்கு அதில்தான் போகிறேன் என்றேன். போகும்போது பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று இறங்கினார். நானும் கூட இறங்கினேன். சைக்கிள் சங்கிலியில் அந்தச் சிவப்புப் பூட்டு தொங்கியது. என் பழைய பூட்டு துருப்பிடித்துப் போனதும் நான்தான் அதை எடுத்துப் போட்டிருந்தேன். அந்த அம்மாள் குனிந்து புகைப்படத்தைப் பார்த்தார்.

"இவரா மேல படுத்திருக்கிறவர்?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சைக்கிள் உங்க பிழைப்புக்கு வேணும், அதை எழுதல. பூட்டு கம்பெனியோடது, அதையும் எழுதல" என்றார்.

மேலே வந்து இதைச் சொன்னதும் இவர், "கம்பெனிச் சொத்தை சைக்கிள்ல மாட்டியிருக்கியே, திவால் வழக்கோட திருட்டு வழக்கும் சேர்ந்துக்கும்" என்றார். நன்றாகத்தான் சிரித்தார். உள்ளே வேறென்னவோ ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

கோர்ட்டில் அவரைத் திவால் என்று அறிவிக்க நான்கு நிமிடம்தான் ஆனது. நாங்கள் வளர்ந்த பேச்சில் இதை மஞ்சக் கடுதாசி என்பார்கள். கையில் கொடுத்த தாள் என்னவோ வெள்ளையாகத்தான் இருந்தது. அதைச் சொன்னபோது இவர் சிரிக்கவில்லை. அன்று மாலை முழுவதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கிடம் ஊரில் பாதிக் கட்டடங்களின் மெஷின் ரூம் சாவி இருக்கும். பேங்க், நகைக்கடை, ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலகம். இவரிடம் இருபத்துமூன்று சாவிகள். அசல் இவரிடம், நகல் பட்டறையில். பல வருடங்களுக்கு முன்பு இவர்களோடு ஒருவர் வேலை செய்தார். குழிக்குள் இறங்கியதும் விசிலடிப்பாராம், அதனால் விசில் என்றே பெயர். அவர் கடனில் மூழ்கி, கடன்காரர்கள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். கடன்பட்டவன் கையில் நகைக்கடைச் சாவி இருக்கலாமா என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னவர் என் கணவர். சாவிகள் கை மாறின, இவர் கைக்கு. விசில் ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். இதை இவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், அதுவும் வேறெதையோ பேசும்போது, பாதியில்.

கோர்ட்டுத் தாள் வந்து இரண்டு நாள் கழித்து, என் தம்பியிடம் ஒரு பிஸ்கட் டின்னையும் ஒட்டிய கவர் ஒன்றையும் கொடுத்து ஃபோர்மேனிடம் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறார். நான் கிளினிக்கில் இருந்தேன். மாமா ஏதோ சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றுதான் தம்பி நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோர்மேன் வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இரண்டு மாடி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "லிஃப்ட் இல்லாத கட்டடத்துல குடியிருக்கியே, உனக்கெல்லாம் மனசாட்சி இல்லயா?" என்றார்.

"வச்சிருந்தா நாமதான வந்து ரிப்பேர் பார்க்கணும்" என்றார் இவர்.

நான் காபி கொண்டுவந்தேன். ஃபோர்மேன் பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் ஒரு கடிதத்தைப் பிரித்து வைத்தார். எனக்குத் தெரிந்த கையெழுத்து. தலைகீழாகவே முதல் வரியைப் படித்துவிட்டேன். வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது.

இவர் என்னைப் பார்க்கவில்லை. ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டே, திவாலான ஒரு ஆள் கையில் அடுத்தவன் கட்டடத்துச் சாவி இருப்பது முறையில்லை, சாவி இல்லாதவன் மெக்கானிக்கும் இல்லை, வேலைக்கு வர வழியில்லாதவனுக்காக ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருப்பதும் நியாயமில்லை என்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தார். அவர் மூச்சு எதனால் ஓடுகிறது என்று சொல்ல என் வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இந்த மெஷின் நாளைக்கு இருக்காது என்பது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

ஃபோர்மேன் காபியை முழுவதும் குடித்து முடித்தார்.

"சாவி இருபத்திமூணும் சரியா இருக்கு. விலகல் பாரத்துல ஒப்படைக்க வேண்டிய சாமான்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல பூட்டு ஒண்ணுன்னு போட்டிருக்கு. பூட்டு வரல. பூட்டு வராம நான் கையெழுத்துப் போட முடியாது."

"கீழ சைக்கிள்ல கிடக்கு. வரும்போது பார்த்திருப்பீங்களே" என்றார் இவர்.

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? எடுத்துக்கிட்டுப் போங்க."

"போட்டவங்கதானே எடுக்கணும்? முதல் நாள்லேர்ந்து உனக்குச் சொல்லிக்குடுத்தது அது ஒண்ணுதான். யாரு போட்டது?"

ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் ஒரு சைகையும் இல்லை, ஒரு குறிப்பும் இல்லை. வேலையிடத்தில் கேள்வி கேட்கிற முகம்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

"எடுத்துத் தர்றீங்களா, தங்கச்சி?"

சாவி என் பர்ஸில் இருந்தது. பர்ஸ் என் மடியில் இருந்தது. "மாட்டேன் அண்ணா" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "விளையாடாத. குடு."

"நீங்க என்னைக் கேட்டுட்டா எழுதினீங்க?"

அவர் குழாயைத் தொட்டு மறுபடியும் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல" என்று ஃபோர்மேன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிஸ்கட் டின்னை எடுத்து இவர் மடியில் வைத்தார். "நகலை வச்சு நாங்க ஓட்டிக்கிறோம். இது உங்கிட்டயே இருக்கட்டும்."

"திவாலானவன்கிட்டயா?"

"உங்கிட்ட." பிறகு, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தன்கிட்ட அப்படி வாங்கினேன். நீ வந்து சொன்ன, நான் வாங்கினேன். அதுக்கப்புறம் அவன் விசிலடிச்சு நான் கேக்கல. இன்னொரு தடவை என்னால முடியாது."

ஃபோர்மேன் போன பிறகு இவர் டின்னைத் திறந்து சாவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இது பேங்க், இது நகைக்கடை, இது ஆஸ்பத்திரி என்று கட்டடம் கட்டடமாகச் சொல்லிக்கொண்டே போர்வையின் மேல் வரிசையாக வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பதினெட்டாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். தவறவில்லை, நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். அந்த மாதங்களை நான் யாரிடமும் துக்கமாகச் சொல்வதில்லை. போன் அடித்தால் கடன்காரர் இல்லை. கதவைத் தட்டினால் யாரோ தெரிந்தவர். பட்டறையிலிருந்து, எந்தச் சத்தம் எந்தக் கோளாறு என்று கேட்டுப் போன் செய்வார்கள். போனை மோட்டார் பக்கம் நீட்டுவார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பிரேக் ஒட்டுது, பார்" என்பார். பாதி நாள் அவர்களுக்கே விடை தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். நான் கேட்டதில்லை. விசிலைத் தேடிப் பிடிக்கச் சொன்னார். தம்பி எங்கெங்கோ விசாரித்து நம்பர் வாங்கி வந்தான். இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது, "ரிட்டையர் ஆயிட்டானாம். இன்னும் விசிலடிக்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் அதே ஆஸ்பத்திரிதான். ஒரு காலை நேரத்தில், நான் தலையணையை மாற்றிக்கொண்டிருக்கும்போது போனார். காப்பீட்டுத் தாள்களில் ஒரு கையெழுத்துதான் போட வேண்டியிருந்தது, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அவரைக் கீழே கொண்டுவந்த லிஃப்ட் அவர் கடைசியாகச் சரிசெய்த லிஃப்ட். இந்த முறை நானும் உள்ளே இருந்தேன். கவனித்தேன். ஒரு குலுக்கல் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, பிஸ்கட் டின்னைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூட்டைக் கழற்றினேன். எல்லாரும் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்கள். பலகையில் இருபது கொக்கிகளில் பத்தொன்பதில் பூட்டு இருந்தது. இருபத்தொரு மாதத்தில் பதினாலாவது கொக்கியில் ஒருவர் குடையைக்கூட மாட்டவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

டின்னை ஃபோர்மேன் மேசையில் வைத்துவிட்டு, நான் பூட்டை மாட்டினேன். கொஞ்சம் எட்டி மாட்ட வேண்டியிருந்தது, அவர் உயரத்துக்கு வைத்த கொக்கி.

ஃபோர்மேன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு பதிவேடுகள் மாறிவிட்டன, இதை மட்டும் தனியே வைத்திருந்தார். பக்கத்தைப் புரட்டினார். என் கணவர் விழுந்த தேதியில் எல்லா வரியும் நிரம்பியிருந்தது. ஒரு வரியில் மட்டும் வந்த நேரம் எழுதவில்லை.

"மணி என்ன தங்கச்சி?"

அவர் தலைக்கு மேலேயே கடிகாரம் இருந்தது. "அஞ்சு நாற்பது, அண்ணா" என்றேன்.

எழுதினார். மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு, பலகையை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

எல்லாரும் சேர்ந்து வெளியே வந்தோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை அவர்களோடு நடந்தேன். புதுப் பூட்டு ஒன்று வாங்க வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.